இடுப்பு வலிக்கு வந்த மெஷின்

இரண்டு வருஷமாக மருமகள் கரடியாகக் கத்தியும் வராத வாஷிங் மெஷின், மாமியார் ஒரே ஒரு தடவை "இடுப்பு வலி" என்றதும் மறுநாளே வந்து இறங்கியது.

பழையது இரட்டைத் தொட்டி மெஷின். ஒரு தொட்டியில் துவைத்து, குனிந்து ஈரத் துணியை வாரி, அடுத்த தொட்டியில் போட்டுப் பிழிய வேண்டும். இடுப்பு விட்டுப்போகிறது என்று மருமகள் புலம்பும்போதெல்லாம், "ஓடுற மெஷினை எதுக்கு மாத்தணும்?" என்று கணவன் பேப்பரைப் புரட்டுவான்.

மாமியார் இங்கே வந்து தங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வதாகவும், குனியத்தான் முடியவில்லை என்றும் மகனிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

புது மெஷின் சமர்த்தாகத் தானே துவைத்து, தானே பிழிந்து கொடுத்தது. மருமகளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவன் அம்மாவுக்கு வந்தால்தான் வலியா என்று உள்ளுக்குள் பொருமினாள்.

அன்று கணவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, துணி காயப்போட வீட்டுக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மதில் ஓரம் மண்டிக்கிடந்த கோரைப்புல்லை மாமியார் குனிந்த தலை நிமிராமல் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குக் களை குவிந்திருந்தது. குறைந்தது ஒரு மணி நேர வேலை.

இடுப்பு வலியாம், இடுப்பு வலி! மருமகள் செல்போனை எடுத்துப் படம் பிடித்தாள். கணவனுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

சத்தம் கேட்டு மாமியார் திரும்பினாள்.

"அவனுக்கு அனுப்பிடாதேம்மா. காரியம் கெட்டுடும்."

"இடுப்பு வலின்னு சொன்னீங்களே அத்தை?"

"எனக்கு ஏது வலி? வந்த நாள்லேருந்து பார்க்கிறேன், துணி துவைச்ச அன்னிக்கெல்லாம் நீ சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறே. உனக்கு வலிக்குதுன்னா அவன் காதுல ஏறாது. அவங்க அப்பாவும் இதே ரகம்தான். அதான் உன் வலியை என் பேருக்கு மாத்திக்கிட்டேன்."

மருமகள் வெட்கத்தோடு படத்தை அழித்துவிட்டுக் களை எடுக்க உட்காரப் போனாள்.

"நீ குனியாதே. இது கிழங்கோட வரலைன்னா பத்தே நாள்ல திரும்ப முளைச்சுடும். நானே பார்த்துக்கிறேன்" என்ற மாமியார் குரலைத் தாழ்த்தினாள்.

"ஃப்ரிட்ஜ் கதவு மல்லுக்கட்டினாத்தான் திறக்குதுன்னு சொன்னியே? அடுத்த மாசம் எனக்குத் தோள்வலி வருது."