சிவப்புச் சில்லுகள்

ஓசூர் டூரிங் கொட்டகையின் பின்பக்கம், மதிய வெயிலில் விளம்பரத் தட்டி சாய்ந்து நிற்கிறது. முனிவேல் கதாநாயகியின் முகத்துக்கு வர்ணம் பூசுகிறான். தங்கை ருக்மணி சோப்பு உறைகளை வெட்டி, படத்துச் சேலையில் பூவாக ஒட்டுகிறாள். கை வளையலுக்கு மட்டும் எப்போதும் வளையல்காரனிடம் வாங்கும் உடைசல் கண்ணாடிதான். இன்று ருக்மணி தன் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். சிவப்புச் சில்லுகள். அவள் கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரிச் சந்தையில் முனிவேலே பொறுக்கி எடுத்த வளையல்கள். போன மாதம் அவள் புருஷனின் காரியத்தன்று உடைத்தவை. “வேணாம் ருக்கு,” என்கிறான். “இதுக்கு மேல எங்க ஒடையப்போவுதுண்ணா,” என்று பசையைத் தடவுகிறாள். படத்திலிருப்பவளின் கை நிறைய வளையல் ஏறுகிறது. ருக்மணியின் வெறும் மணிக்கட்டில் பசை காய்கிறது. முனிவேல் தூரிகையைத் தோய்க்கிறான். உதடு மட்டும்தான் பாக்கி. கதாநாயகி சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று கொட்டகை முதலாளி கேட்டிருக்கிறார்.