வகுப்பைப் பார்க்க வந்தவர்

"கேக்கல. மறுபடி சொல்லு."

அந்தச் சின்னப் பெண் குனிந்த தலை நிமிராமல் மறுபடியும் சொன்னாள். சரியான விடைதான்.

"இங்க பாத்துச் சொல்லும்மா."

மூன்றாவது தடவை சொல்வதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கடைசி பெஞ்சில் காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஆலோசகர், மடிக்கணினியில் படபடவென்று தட்டினார். பள்ளி பள்ளியாகப் போய், ஆசிரியர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து, எதை எப்படி மாற்றலாம் என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. கெட்டிக்காரர்தான். வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார், அவ்வளவுதான்.

மணி அடித்தது. பாடம் நடத்திய ஆசிரியையும் அவரும் ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"சார், மொதல்ல உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார் ஆசிரியை.

ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் முடிச்சுடறேன். அப்புறம் நீங்க பேசுங்க."

திரையில் வைத்த கண்ணை எடுக்காமல் பேசத் தொடங்கினார்.

"அந்தப் பொண்ணு மொதல் தடவையே சரியாத்தான் சொன்னா. ஏன் அழவெச்சீங்க?"

பதிலுக்கு ஒரு நொடி கூட நிற்கவில்லை.

"நானே சொல்றேன். மிரட்டினாத்தான் படிப்பு ஏறும்னு ஒரு நெனப்பு. எல்லா ஸ்கூல்லயும் இதே கூத்துதான். வாயால சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் சிலேட்ல எழுதிக் காட்டச் சொல்றீங்க. அது யாரோட சௌகரியத்துக்கு? டீச்சர் கொறைச்சுப் பேசணும், பசங்க நிறையப் பேசணும். எதிராளி சொல்றதக் காது குடுத்துக் கேக்கப் பழகணும்."

அரை மணி நேரம் போனது. ஆசிரியை தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு வழியாக மடிக்கணினியை மூடிவிட்டு ஆலோசகர் நிமிர்ந்தார். "சரிதானே?"

"சரிங்க சார். ரொம்ப நன்றி." ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆலோசகருக்குப் பரம திருப்தி. குறை சொன்னால் இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்!

வாசலில் தலைமையாசிரியை வாடிய முகத்தோடு நின்றிருந்தார்.

"என்ன சார், வழி ஒண்ணுமே இல்லையா?"

"எதுக்கு மேடம்?"

"அவங்க சொல்லலையா? ஒரு காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போயிடுச்சு சார். மெஷின் வெச்சும் பிரயோஜனமில்ல. முகத்தைப் பாத்துப் பேசினா உதட்டசைவுல புரிஞ்சுக்குவாங்க. வேலையை விட்டுடறேன்னு நின்னாங்க. 'விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து கிளாஸைப் பாக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க'ன்னு நான்தான் கெஞ்சி, உங்களை வரவெச்சேன். தானே சொல்லிக்கிறேன்னாங்க."

ஆலோசகருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை போலிருந்தது. வழியா இல்லை? பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பதில் ஆரம்பித்து எத்தனையோ வழிகள் அவருக்குத் தெரியும். அந்தச் சிலேட்டு யோசனையே பிரமாதமான வழிதான்.

"எங்க அவங்க? நான் உடனே பேசணும்."

"இப்பத்தான் பஸ் ஏறினாங்க. நாளையிலேர்ந்து வர மாட்டாங்களாம். சார் அப்படி என்னதான் சொன்னாருன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

தலைமையாசிரியை கொஞ்சம் தயங்கினார்.

"'ரொம்ப அக்கறையா ஏதேதோ சொன்னாரு. எனக்குத்தான் ஒரு வார்த்தையும் புரியல. நிமிந்து பேசுங்கன்னா சங்கடப்படுவாரே, பாவம், அதான் தலையாட்டிட்டு வந்துட்டேன்'னாங்க."