பின் சீட்டில் ஏக்

"நிறுத்துங்க! எஞ்சினை நிறுத்துங்கம்மா!"

கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினான் தவீ.

ஷெட்டுக்குள் நுழைந்த வெள்ளைக் காரின் வயிற்றிலிருந்து 'கடகட'வென்று சத்தம். பழைய கார். பெயின்ட் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. டாஷ்போர்டில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் இருந்த பெண் தன் பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்கினாள்; சாவியைத் தொடவில்லை.

"நிறுத்தினா ஏசி நின்னுடும்ணே. பின்னாடி பையன் இருக்கான்."

"நிறுத்தலைன்னா எஞ்சினே நின்னுடும்! பையனை இறக்கி நிழல்ல உட்கார வைங்க."

ஜன்னல் வழியே கையை விட்டு அவனே சாவியைத் திருப்பினான். சத்தம் அடங்கியது.

அவள் இறங்கி, பின் கதவின் கறுப்புக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏக், வண்டி ரிப்பேருப்பா. நாங்ரோங் ஊரைத் தாண்டி ஒரு மெக்கானிக் ஷெட்ல நிக்கறோம். நீ இறங்கிடாதே. அம்மா இங்கேயேதான் இருக்கேன்."

பதில் வரவில்லை. தூங்குகிறான் போல. தவீ பானட்டைத் தூக்கினான்.

ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். ஆயில் முழு அளவு இருந்தது.

அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "அப்ப ஒண்ணும் இல்லியா?"

"ஆயில் கீழே தொட்டியில கிடந்தா ஆச்சா? எஞ்சினுக்குள்ள மேலே ஏறணும்ல."

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சென்சார் ஒயரைப் பிடுங்கினான். லைட் அணைந்தது. ஒயரில் கோளாறு இல்லை. ஒன்று, சென்சார் பொய் சொல்கிறது. இல்லையென்றால் நிஜமாகவே ஆயில் ஏறவில்லை.

"சென்சாரா இருந்தா இப்பவே மாத்திக் குடுத்துடுவேன்."

அவள் கைகளைக் கூப்பிக்கொண்டாள்.

"எங்கே போகணும்?"

"சுரின். பொழுது சாயறதுக்குள்ள அவனை வீட்டு வாசல்ல இறக்கியாகணும். சொங்க்ரான் புது வருஷத்துக்கு ஊருக்கு வர்றான்."

"சொங்க்ரானா? பண்டிகை முடிஞ்சு, ஒருத்தர் மேல ஒருத்தர் ஊத்தின தண்ணியெல்லாம் காஞ்சே போச்சேம்மா!"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "லேட்டாயிடுச்சு" என்றாள்.

சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் மீட்டரை முறுக்கினான். "ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் உறுமியது. மீட்டரின் முள் ஒரு துடிப்புத் துடித்தது. அப்புறம் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. அடியில் மறுபடி அதே கடகட.

"போதும், போதும். அணைச்சிடுங்க."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஆயில் ஏறவே இல்லம்மா. பேரிங்கும் போச்சு. இனிமே ஓட்டினா எஞ்சின் இறுகிடும்."

"மெதுவாப் போனா?"

"மெதுவா இறுகும்."

"கெட்டியான ஆயில் ஏதாவது ஊத்தி... சுரின் வரைக்கும் மட்டும்ணே."

"எஞ்சினையே இறக்கணும்மா. என் பிக்கப் நிக்குது பாருங்க. உங்க ரெண்டு பேரையும் நானே கொண்டு விடறேன், வாங்க."

அவள் தலையை ஆட்டினாள். "இந்தக் கார்தான் அவனுக்குத் தெரியும். இதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டான். வேற வண்டின்னா வர மாட்டான்."

"என்னம்மா இது! பையன் என்ன ராஜகுமாரனா? அவனுக்குன்னு தனித் தேர் வேணுமா?"

சொல்லி முடிப்பதற்குள் தவீக்குச் சுரீரென்றது.

ஏசி நின்று எவ்வளவு நேரம் ஆகிறது? ஏப்ரல் வெயில். பானட் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. பின் கண்ணாடி ரெண்டும் ஏற்றியிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு இருமல் இல்லை, ஒரு அசைவு இல்லை.

"பையன் செத்துடுவான்மா!"

பாய்ந்தான். அவள் குறுக்கே விழுந்து கதவை மறைத்தாள்.

"திறக்காதீங்க! திறந்தா இறங்கிடுவான்!"

அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தான்.

ஊதுபத்தி வாசனை சூடாக முகத்தில் அடித்தது.

சீட்டில் ஒரு சட்டை. நீல நிறத் தொழிற்சாலைச் சட்டை. ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி நிமிர்த்தி வைத்து, மேலே சீட் பெல்ட் மாட்டியிருந்தது. கீழே, கால் இருக்க வேண்டிய இடத்தில், ஒற்றைச் செருப்பு.

தவீயின் கைகள் தாமாகவே குவிந்தன.

ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போனவர்களை, உயிர் போன இடத்துக்கே போய்க் கூப்பிட்டு, ஆவியாக வீட்டுக்கு அழைத்து வருவதை அவனும் பார்த்திருக்கிறான். பாலம் வந்தால் சொல்ல வேண்டும். திருப்பம் வந்தால் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பாதி வழியில் இறங்கி, அங்கேயே நின்றுவிடுவார்கள்.

பிக்கப்பை எடுத்து வந்தான். காரை உரசுகிற மாதிரி நிறுத்தி, கதவோடு கதவாகத் திறந்து வைத்தான்.

"கூப்பிடுங்கம்மா. வருவான். அங்கே நீங்க கூப்பிட்டுத்தானே கார்ல ஏறினான்?"

அவள் பிக்கப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டானான்னு அங்கே மந்திரம் சொன்ன பிக்கு காசு சுண்டிப் பாக்கச் சொன்னாருண்ணே. தலை விழுந்தா ஏறிட்டான்னு அர்த்தம்."

அவள் சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"மூணு தடவையும் பூதான் விழுந்துது. அவர் மந்திரம் முடிச்சுக் கண்ணைத் திறக்கறதுக்குள்ள நான்தான் காசைத் தலையாத் திருப்பி வெச்சேன்."