டின் கட்டரில் என்ன குறை?

“இது எத்தனை வருஷம் உழைக்கும்?”

கேட்ட தோரணையில் சமாத் சட்டென்று எழுந்து நின்றான். எதிரே ஒரு பெரியம்மா; தோளில் கனமான கம்பளி மேலங்கி, தலையில் பூப்போட்ட சால்வை. பெரியம்மாவின் பார்வை அவன் பரப்பி வைத்திருந்த டின் கட்டர்கள் மேலேயே இருந்தது.

“வருஷக் கணக்கா? உங்க பேத்தி கல்யாணத்துக்குச் சீதனமாவே குடுக்கலாம் பெரியம்மா!”

“வாய் நல்லாத்தான் உழைக்குது. கட்டர் உழைக்குமா?”

பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் வாளி விற்கும் குல்பாரா களுக்கென்று சிரித்தாள்.

சமாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மலையடிவார நரின் ஊர்ச் சந்தையில் அவன் கடை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இருந்த ஒரே குதிரையை விற்றுச் சரக்கு எடுத்திருந்தான். இதுவரை ஒன்றுகூட விற்கவில்லை. இன்றைக்கும் விற்காவிட்டால் கடையை ஏறக்கட்டிவிட்டு மலைக்கு ஆடு மேய்க்க வந்துவிட வேண்டும் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். போதாததற்கு அந்தச் சந்தைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை வேறு. முதல் ஆள் வாங்காமல் போனால் அன்றைக்குக் கடைப்பக்கம் ஈ, காக்காய் வராது. வாங்கிவிட்டாலோ, அந்த நோட்டைச் சரக்கு மேலெல்லாம் ஒரு தடவு தடவினால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாம் விற்றுப்போகும்.

இன்றைக்கு முதல் ஆள் இந்தப் பெரியம்மாதான்.

“சந்தேகமே வேணாம். சோதிச்சே பாருங்க,” என்று மரப்பிடி போட்ட கட்டரை நீட்டினான்.

“நான் எதுக்கு? விக்கிறவன் நீ. பையில டப்பா இருக்கு, எடுத்துத் திறந்து காட்டு.”

அவள் தோளில் தொங்கிய பையிலிருந்து மாட்டிறைச்சி டப்பா ஒன்றை எடுத்தான். கட்டரின் பல்லை நறுக்கென்று இறக்கி, ஒரே சுற்றில் மூடியைக் கிளப்பினான்.

“வேகமெல்லாம் சரி. ஓரம் பிசிறடிக்குதே தம்பி, விரலைக் கிழிச்சுடாது?”

“அப்போ இந்தச் சக்கரம் வச்சதைப் பாருங்க. வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும்.” கெட்டிப்பால் டப்பா ஒன்று திறந்தது. பிசிறே இல்லை.

“ம்… கையில கொழுப்பு ஒட்டியிருந்தா வழுக்குமே?”

சமாத் பாதி தின்று வைத்திருந்த இறைச்சிச் சம்சாவை எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டான். கொழுப்பு வழியும் கையோடு பட்டாணி டப்பாவைத் திறந்தான். வழுக்கவில்லை.

“அட, பலே! இந்த நடு ஆணி கழண்டுக்காதா?”

கட்டரைத் தரைக் கல்லில் ஓங்கி ஓங்கித் தட்டிக் காட்டினான். ஆணி அசையவில்லை. வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள்.

“நசுங்கின டப்பாவுல இந்தப் பவுசு காட்ட முடியுமா? அடியில ஒரு மீன் டப்பா கெடக்கு பார்.”

நெற்றியில் வியர்வை வர, முழு எஃகில் செய்த கட்டரால் அதையும் திறந்தான். கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். சமாத்துக்கே தன் சரக்கின் மேல் மரியாதை வந்துவிட்டது.

“எல்லாமே அருமையான சாமான்,” என்றாள் பெரியம்மா மனசாரப் புகழ்ந்து. “மூடியை அழுத்தி, சிந்தாம பையில வச்சுடு. வரட்டுமா?”

சமாத் டப்பாக்களைப் பையில் அடுக்கிவிட்டுக் காசுக்குக் கை நீட்டினான். அவள் கூட்டத்தில் நுழைந்து போயே போய்விட்டாள்.

“அடப்பாவி, உன்கிட்டயும் வேலையைக் காட்டிட்டாளா!” குல்பாரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போன வாரம் அந்தக் கோடிக் கடையில இதே கூத்துதான். ஒண்ணும் வாங்க மாட்டா. ஓசியில டப்பாவைத் திறந்துக்கிட்டுப் போயிடுவா.”

சமாத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. டப்பா வாங்குகிறவளுக்குக் கட்டர் வாங்கக் காசில்லாமலா போகும்? அப்படி என்ன குறை கண்டாள்? அது தெரியாமல் ஆடு மேய்க்கப் போனால் தூக்கம் வருமா?

“கடையைப் பாத்துக்கக்கா!” என்று எஃகுக் கட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

வேன் நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்துவிட்டான்.

“பெரியம்மா! இந்தாங்க, பாதி விலைக்கே எடுத்துக்குங்க. வேணாம்னா போங்க. ஆனா இதுல என்ன குறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இன்னைக்கு நீங்கதான் எனக்கு போணி. நீங்க வாங்கலைன்னா நான் கடையவே மூடணும்.”

பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. “ஐயையோ, உன் போணியையா கெடுத்தேன்? தெரியாமப் போச்சே தம்பி.”

ஆற்றுப் பக்கமிருந்து அடித்த காற்றில் மேலங்கி விலகியது. உள்ளே, சட்டையின் வெறும் வலது கை தோளுக்குக் கீழேயே மடித்து ஊசி குத்தியிருந்தது. பணம் எடுக்க இடது கையால் பையைத் துழாவிக்கொண்டே அவள் சொன்னாள்:

“முழு விலைக்கே குடு. வீட்டுல இருக்கட்டும், திறந்து குடுக்க யாராவது வராமலா போவாங்க.”