ஒழுகும் கூரைக் கோஷ்டி

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் மண்சட்டி இந்தக் கதையை ஆரம்பிக்கும்.

ஒழுகும் கூரைக்குக் கீழே தகர டப்பா "டிங் டிங்" என்று எடுத்துக்கொடுக்கும். வாளியும் சட்டியும் "டும் டுப்" என்று பின்னால் சேர்ந்துகொள்ளும். கேட்கச் சுவர் நிறையப் பல்லிகள். ஒவ்வொரு சொட்டுக்கும் தன் விரிசல் நீள்வதைச் சட்டி யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் ஓடு மாற்றினார்கள். பாட்டு நின்றது. பல்லிகள் விளக்கடிக்குப் போய்விட்டன. சட்டிக்கு அப்பாடா என்றிருந்தது.

"அக்கா, தெருக்குழாய்க்கு அடியில பாடுவோம், வாங்க. அங்கேதான் கூட்டம்," என்றது டப்பா.

"அந்த வேகத்துல தண்ணி விழுந்தா நான் ரெண்டாப் போயிடுவேன்டா."

"போனா இன்னொரு குரல் கிடைக்கும்," என்றது வாளி.

சட்டி வயிறு நிறையக் கல் உப்பை வாங்கி மூடியையும் போட்டுக்கொண்டது. உப்புச் சட்டியைத் தண்ணீர்ப் பக்கம் யாரும் கூப்பிடுவதில்லை.