வெளியே நீட்டிய சரக்கு

“காயின் மேரா மானா?” என்றார் மாத்தா.

சிவப்புத் துணி எங்கே என்று போலீஸ்காரர் மலாயில் கேட்கிறார். முப்பத்து நாலாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வெயில், கிள்ளான் பாலத்துக்கு இந்தப் பக்கம். லோரிக்குப் பின்னால் ஆறடிக்கு நிபோங் மரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் துணி இல்லை.

மரங்களின் மேல், கோணிச் சாக்கில், இராஜம்மா கிடந்தாள்.

முதல் பிரசவம். வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை வரவில்லை. இனி ஆஸ்பத்திரிதான், இல்லாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்று மேரு தோட்டத்து மருத்துவச்சி கையை விரித்தபோது கிடைத்த ஒரே வண்டி, துறைமுகத்துக்கு மரம் ஏற்றிப்போன நாகையாவின் லோரி.

துணி இருந்தது. வழியில் முனியாண்டியைக் கண்டதும் புருஷன் பக்கிரிசாமி லோரியை நிறுத்தச் சொன்னான். மர நுனியில் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு போய்ச் சூலத்தில் கட்டி, என் பெண்டாட்டியைக் காப்பாற்று என்று விழுந்து கும்பிட்டான்.

முனியாண்டி காப்பாற்றியிருப்பார். மாத்தா விடவில்லை.

அவர் கெட்டவர் அல்ல. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். போன வாரம் அதே இடத்தில், இப்படி நீட்டிய மரத்தில் மோதி ஒரு சைக்கிள்காரருக்குக் கண் போயிருந்தது. யானை வந்தாலும் வாலில் துணி எங்கே என்று கேட்டுத்தான் விட்டிருப்பார்.

இராஜம்மா அலறினாள். அந்தச் சத்தத்தில் ஆற்று முதலைகள் நான்கு கரையேறி வந்து எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்கிற வசதி அப்போது எனக்கில்லை.

பக்கிரிசாமி மாத்தாவின் காலில் விழுந்தான். மாத்தா பதறிப்போய் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு, மறுபடியும் “காயின் மேரா” என்றார்.

மரத்தை இறக்க நாலு ஆள் வேண்டும். இராஜம்மாவை அசைக்கவே கூட ஏறிவந்த மருத்துவச்சி விடவில்லை. அலறல் முனகலாகிக்கொண்டிருந்தது.

பக்கிரிசாமியின் இடுப்பில் மஞ்சள் வேட்டி. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டுமென்று தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தான். பூக்குழி இறங்கும்வரை அந்த வேட்டியில் ஒரு நூல் பிரியக்கூடாது.

மருத்துவச்சி வேட்டியைப் பார்த்தாள். சுருக்குப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தாள்.

“கிழிடா.”

“ஆத்தா வேட்டி அத்தே... குத்தமாயிடும்.”

“அந்த ஆத்தாளுக்கு ஆலம் கரைக்கிறப்ப என்னத்தடா போடுறோம்? மஞ்சளும் சுண்ணாம்பும்தானே? கிழிடா, கூறுகெட்டவனே!”

கிழித்தான். அவள் கேட்டது ஒரு முழம், வந்தது இரண்டு முழம். இஞ்சினுக்கு வைத்திருந்த தண்ணீரை நாகையா ஊற்ற, அவள் சுண்ணாம்பை அப்பிக் கசக்கினாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சள் இரத்தமாய்ச் சிவந்தது.

மாத்தா மூன்றடி பின்வாங்கினார். பிறகு அவரே அதை வாங்கி, மர நுனியில் இரட்டை முடிச்சாகக் கட்டினார். பாலத்தில் வந்த மாட்டுவண்டிகளை ஒதுக்கிவிட்டு, லோரிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடினார்.

இதெல்லாம் அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இராஜம்மா எதையும் கூட்டிச் சொல்பவளல்ல. முதலைகள் மட்டும் அப்பா சொன்னது.

ஆனால் மாத்தா ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

அம்மாவின் சேலைக்கடியில், விடியற்காலையிலிருந்தே, என் இடது கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு அவர் துணி கேட்கவில்லை.