பொடி எழுத்தில் ஒரு சொல்

சாய்ந்த வெயில் சன்னல் வழியே விழுந்து கணினித் திரையில் பாதியை வெளிறச்செய்ய, அவள் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். மாணவர்கள் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் இணையப் பக்கம் அது; அவள் வடிவமைத்தது. நேற்று யாரோ ஒரு மாணவி அதைத் திறந்தபோது பதிவான காட்சி ஓடுகிறது. முகமில்லை, குரலில்லை, மவுஸின் அம்புக்குறி மட்டும். அது 'செலுத்து' பட்டன்மேல் வந்து நிற்கிறது, அழுத்தவில்லை. கட்டவேண்டிய தொகைக்கு நகர்ந்து, அதன் கடைசிப் பூஜ்யத்தை மட்டும் நீலமாக்குகிறது, துடைத்தால் போய்விடும் என்பதுபோல. பிறகு விட்டுவிடுகிறது. பின்னால் நின்று டீ உறிஞ்சும் மேலாளர், "பட்டன் கண்ணுலயே படல போலம்மா. இன்னும் கொஞ்சம் பெருசாக்கிடு" என்கிறார். "பட்டுச்சு சார்" என்கிறாள். அம்பு இப்போது அடிவரை இறங்கி, மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் 'உதவி'யைத் தேடிப் பிடிக்கிறது. அந்தச் சொல்லை அங்கே வைத்தவள் அவள்தான். அதை எந்தப் பக்கத்தோடும் இணைக்காமல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவளும் அவள்தான். அம்பு அழுத்துகிறது. அந்தச் சொல்லுக்குப் போக்கிடமில்லாததால் பக்கம் துள்ளி உச்சிக்கே போய்விடுகிறது. அம்பு மறுபடி அடிவரை இறங்கி வருகிறது, அழுத்துகிறது, மறுபடி உச்சி. "என்னம்மா, ஏறி இறங்கி விளையாடுதா இந்தப் பொண்ணு?" மேலாளர் சிரிக்கிறார். ஒவ்வொரு முறையும் உச்சியில், அவள் பார்த்துப் பார்த்து நிறம் தேர்ந்த பெரிய எழுத்துகளில், 'நல்வரவு' என்று நிற்கிறது.